பெற்றவளுக்கும் இடம் வைத்து: ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு வளர்ப்புக் குடும்பம் தயாரான விதம்

மண்டபம், பாம்பன் தொடங்கி ஒரு பக்கம் தேவிபட்டினம், தொண்டி வரைக்கும், இன்னொரு பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரைக்கும் எங்கள் கடற்கரை ஊர்களில் அடுத்தவர் பிள்ளையை எடுத்து வளர்ப்பது ஒன்றும் புதிதில்லை. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றால் சித்தி வீடு, மாமன் வீடு, சில சமயம் பக்கத்து வீடே பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும். யாரும் காகிதம் கேட்பதில்லை. அதனால் அரசு வழியாக நடக்கிற வளர்ப்புப் பராமரிப்புக்கு, அதாவது பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையைக் கொஞ்ச காலம் இன்னொரு குடும்பத்தில் வைத்து வளர்ப்பதற்கு, பயிற்சி உண்டு என்று சொன்னதும் "பிள்ளை வளர்க்கவும் படிக்கணுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. சோறு போடுவதையும் பள்ளிக்கு அனுப்புவதையும் வளர்ப்புக் குடும்பங்களைத் தேடித் தயார் செய்யும் நாங்கள் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பெற்ற தாய் உயிரோடு இருக்கிற பிள்ளையை, அந்தத் தாயின் இடத்தைப் பறிக்காமல் வளர்ப்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதைப் பழக்கிவிட்டால் மற்றதெல்லாம் பெரும்பாலும் தானாக வந்துவிடும் என்பது என் அனுபவம். கீழே எழுதியிருப்பது அப்படித் தயாரான ஒரு குடும்பத்தைப் பற்றி.

ஊர் பெயர் சொல்லவில்லை, வயது, தொழில் போன்ற விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன், நம் ஊர்களில் ஒரு தெரு பெயர் போதும், ஆளைக் கண்டுபிடிக்க.

பிள்ளைகள் இரண்டு பேர். அக்காவுக்கு 11 வயது, தம்பிக்கு 8. அப்பா கடலில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டை விட்டார், பேச்சை விட்டார், ராத்திரியில் எழுந்து கடற்கரைக்கு நடந்து போக ஆரம்பித்தார். உறவுக்காரர்கள் முதலில் தர்காவில் சில வாரம் தங்கவைத்து, அப்புறம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். குணமாகும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்று மருத்துவர் சொன்னார். அதுவரை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அப்பத்தா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தாய்மாமன் கரிமூட்டத்தில் கூலி வேலை, ஒரே அறை வீடு, அவருக்கே மூன்று பிள்ளைகள். மாமன் வீட்டில் இருக்க முடிந்திருந்தால் அதுதான் முதல் வழி, நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதாமாதம் உதவி கேட்டிருக்கலாம். அவரே கையைப் பிசைந்துகொண்டு முடியாது என்றார். யாரோ குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழைத்துச் சொல்ல, இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கு விஷயம் வந்தது.

குழு முதலில் இருவரையும் இல்லத்துக்கு அனுப்பியது. பெண்பிள்ளைகளுக்கு ஓர் இல்லம், ஆண்பிள்ளைகளுக்கு வேறோர் இல்லம், அதுவும் வேறு வேறு ஊரில். அப்பா போய், அம்மா போய், கடைசியாக ஒருவருக்கொருவர் என்று இருந்த அக்காவும் தம்பியும் அங்கே பிரிந்தார்கள். இல்லத்தில் யாரும் கொடுமை செய்யவில்லை, சாப்பாடு, படிப்பு எல்லாம் ஒழுங்காகவே இருந்தது. ஆனாலும் தம்பி பேசுவது குறைந்துகொண்டே போனது. உடன்பிறந்தவர்களைக் கூடுமானவரை ஒரே வளர்ப்புக் குடும்பத்தில் வைக்க எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் காட்டித்தான் குடும்பம் தேட ஆரம்பித்தோம்.

இல்லமே போதாதா, எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் ருமேனியாவைச் சொல்வேன். புகாரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு அது. இல்லங்களில் இருந்த 136 சின்னக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பம், மீதிப் பேர் வழக்கமான பராமரிப்பில். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் மனிதர்களோடு ஒட்டுவதிலும் முன்னே போனார்கள், சின்ன வயதிலேயே போனவர்கள் இன்னும் நன்றாக. அந்தக் குடும்பங்களைப் பயிற்சி கொடுத்துத் தயார் செய்து, சமூகப் பணியாளர்கள் தொடர்ந்து துணை நின்றார்கள். பாதிப் பலன் அந்தத் துணையில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

குடும்பம்

எங்களுக்குக் கிடைத்தவர்கள் விசைப்படகில் வேலைக்குப் போகும் ஒரு அண்ணன், கருவாடு போட்டு விற்கும் அவர் மனைவி. மூத்த மகள் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் 16 வயது, பிளஸ் ஒன். கூட மாமியார். இரண்டு அறை வீடு, வெளியே குளியலறை, அதற்குக் கதவுக்குப் பதில் சேலை தொங்கியது. வீட்டாய்வுக்கு, அதாவது படிவம் 30க்குப் போனபோது நான் முதலில் குறித்தது அந்தச் சேலையைத்தான். பதினொரு வயதுப் பெண்பிள்ளை வரப்போகிறாள் என்றால் தாழ்ப்பாளோடு ஒரு கதவு வேண்டும். அண்ணன் அந்த வாரமே பழைய படகுப் பலகையில் கதவு அடித்துவிட்டார்.

காவல்துறைச் சான்று, மருத்துவச் சான்று, வருமான விவரம், தெரிந்தவர்கள் சொல்லும் நற்சான்று எல்லாம் வழக்கம்போல. சட்டம் பார்க்கச் சொல்வது குடும்பத்தின் திறன், எண்ணம், வசதி, பிள்ளை வளர்த்த முன்னனுபவம். இதில் எண்ணம் என்பதைக் காகிதத்தில் பார்க்க முடியாது, பேசிப் பேசித்தான் பார்க்க வேண்டும். அக்காவிடம் (கருவாடு விற்கும் அந்த அம்மாவை இனி அப்படியே சொல்கிறேன், நான் அப்படித்தான் கூப்பிடுகிறேன்) ஏன் முன்வந்தீர்கள் என்று கேட்டால் "பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு வீடு வெறிச்சோன்னு இருக்கு மேடம்" என்றார். நேர்மையான பதில், ஆனால் எனக்கு அங்கே ஒரு மணி அடித்தது. வெறுமையை நிரப்ப வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது கஷ்டம். கொஞ்ச நாளில் அடுத்த கேள்வியும் வந்தது: "ரெண்டு வருஷம் வளர்த்தா தத்து எடுத்துக்கலாமாமே?" 2024இல் வந்த மத்திய அரசின் மாதிரி வழிகாட்டுதல் அப்படி ஒரு வழியைத் திறந்திருப்பது உண்மை, முன்பு ஐந்து வருடமாக இருந்ததை இரண்டாக்கியிருக்கிறார்கள். ஆனால் சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட பிள்ளைக்குத்தான் அது. இந்தப் பிள்ளைகளுக்கு அம்மா இருக்கிறார், மருந்து சாப்பிடுகிறார், பிள்ளைகள் எங்கே என்று கேட்கிறார். இதை ஒரு தடவை சொன்னால் போதாது, வெவ்வேறு விதமாகத் திரும்பத் திரும்பச் சொன்னோம். கடைசியில் அக்காவே தன் மாமியாருக்கு விளக்கிச் சொல்வதைக் கேட்ட அன்றுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

பயிற்சி

வகுப்பறை எதுவும் இல்லை. விசைப்படகு வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும், அண்ணன் கரையில் இருக்கும் சாயங்காலமாகப் பார்த்து, அக்கா கருவாட்டை அள்ளி முடித்த பிறகு, அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்தோம். கணவன் மனைவி மட்டும் வந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாமியாரும் மகனும் எல்லா நாளும் இருந்தார்கள். மகனிடம் ஆற்றுப்படுத்துநர் (கவுன்சிலர்) தனியாகவும் பேசினார்: யார் எந்த அறையில் படுப்பது, கதவைத் தட்டிவிட்டு உள்ளே வருவது, போன் யார் கையில் இருக்கும், போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லாம் வெளிப்படையாக. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் கேட்டது ஒன்றுதான்: "அவங்க எங்கம்மாவ அம்மான்னு கூப்பிடுவாங்களா?" அந்தக் கேள்வியால்தான் அத்தை, மாமா என்று முதல் நாளே முடிவாயிற்று. பிள்ளைகளுக்கும் அது எளிது. பெற்ற தாய்க்கும் அது காதில் குத்தாது.

அடிக்கக் கூடாது என்ற பாடம் சுலபமாகப் போகவில்லை. "என் ரெண்டையும் அடிச்சுத்தான் வளர்த்தேன், கெட்டா போச்சு?" என்றார் அக்கா. நான் வாதம் செய்யவில்லை. உங்கள் பிள்ளைக்கு அடித்த கை அம்மா கை என்று தெரியும், இந்தப் பிள்ளைக்கு உங்கள் கையைப் பற்றி எதுவுமே தெரியாது என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவோருக்குத் தண்டனை சொல்லும் பிரிவு 75 பற்றியும் சொன்னோம், ஆனால் அவரை யோசிக்கவைத்தது சட்டம் இல்லை.

சாப்பாட்டை ஒளித்துவைப்பது, படுக்கையை நனைப்பது, காரணமில்லாத பொய், திடீரென்று ஒட்டிக்கொண்டு மறுநாள் முகத்தைத் திருப்பிக்கொள்வது, இதெல்லாம் இழந்த பிள்ளைகளிடம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தோம். தம்பி வந்த வாரமே தலையணைக்கு அடியில் ரஸ்க் எடுத்துவைத்தான். அக்கா திட்டவில்லை. மூடி போட்ட ஒரு டப்பாவில் அவன் பெயரை எழுதி, அதில் எப்போதும் ஏதாவது இருக்கும்படி பார்த்துக்கொண்டார். பல வாரம் கழித்து டப்பாவில் இருந்த முறுக்கு நமுத்துப் போனது, அவன் எடுக்கவே இல்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய். காசுக்காகத்தான் எடுக்கிறார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு எழத்தான் செய்யும், அதையும் பயிற்சியில் சொல்லிவைத்தோம். அக்கா ஒரு நோட்டுப் போட்டு எழுதினார், அதோடு சரி.

இந்தப் பயிற்சியில் எது உண்மையில் வேலை செய்தது என்று கேட்டால், அது ஒரு சாயங்காலம். அக்காவைப் பிள்ளைகளின் தாயாக நினைத்து உட்காரச் சொன்னோம். "நீங்க ஆஸ்பத்திரியில இருந்து பிள்ளையைப் பார்க்க வர்றீங்க. உங்க மகன் வேற ஒருத்தி மடியில உட்கார்ந்திருக்கான். அவ உங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து தர்றா." இவ்வளவுதான் சொன்னோம். அக்கா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "நான் அவளை அடிச்சிருப்பேன் மேடம்" என்றார். சரி, அடிக்காமல் இருக்க அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று கேட்டோம். அதற்கு அவர் சொன்னதை நான் அப்படியே எழுதிக்கொண்டேன். வந்ததும் பிள்ளையை என்னிடம் விட்டுவிட வேண்டும். அவனுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே சொல்லக் கூடாது, என்னிடம் கேட்க வேண்டும். மகளுக்குத் தலை பின்னாமல் வைத்திருக்க வேண்டும், நான் வந்து பின்னுவேன். போகும்போது பிள்ளை அழுதால் "இங்கே நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லக் கூடாது.

பிள்ளைகளைத் தாய் பார்க்க வரும் நாட்களுக்கு நாங்கள் வைத்திருந்த விதிமுறை எதுவும் இதற்குக் கிட்டே வராது. அன்றே அதைத் தூக்கி வைத்துவிட்டு அக்கா சொன்னதையே நடைமுறையாக்கினோம்.

தாயின் நோயைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டியிருந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் சிக்க, 28 பேர் இறந்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் எங்கள் மாவட்டத்தில் மனநோய் என்றால் அந்தச் சங்கிலிதான் பலருக்கு முதலில் ஞாபகம் வருகிறது. மாமியார் நேராகவே கேட்டார்: அந்தப் பொம்பளை இங்கே வந்து ஏதும் செய்துவிட்டால்? பிள்ளைகளுக்கும் அது வருமா? மருத்துவமனையின் சமூகப் பணியாளரை வரவழைத்தோம். என்ன நோய், என்ன மருந்து, மருந்தை விட்டால் முதலில் என்ன மாறும், யாருக்குப் போன் செய்வது என்று அவர் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். பயம் முழுசாகப் போகவில்லை. ஆனால் பிள்ளைகள் காதில் விழ அம்மாவைப் பற்றி ஒரு தப்பான வார்த்தை பேச மாட்டேன் என்று மாமியார் வாக்குக் கொடுத்தார், கடைசிவரை காப்பாற்றினார்.

கடலுக்குப் போகும் வீடு

கடலில் அப்பாவை இழந்த பிள்ளைகளை மறுபடியும் கடலுக்குப் போகிறவர் வீட்டிலேயே வைக்கலாமா? எங்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. பரமக்குடிப் பக்கம் உள்நாட்டில் ஒரு குடும்பம் பார்க்கலாம் என்று உடன் வேலை செய்கிறவர்கள் சிலர் சொன்னார்கள். நான் எதிர்த்தேன். பள்ளி மாறும், பேச்சு மாறும், மாமன் வந்து பார்ப்பது குறையும், தாய் பஸ் ஏறி வருவது நின்றுவிடும். கடலை அவர்களிடமிருந்து மறைக்க முடியாது, கடலோடு வாழ்கிற ஒரு நல்ல ஆளைக் காட்ட முடியும் என்பது என் கட்சி. பிள்ளைகளிடம் கேட்டோம், அவர்கள் கடற்கரைதான் வேண்டும் என்றார்கள். குழுவும் அதையே ஏற்றது.

பிள்ளைகளை அக்கா வீட்டுக்கு அனுப்பிய காலத்தையும் யோசித்துத்தான் வைத்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அண்ணன் கரையிலேயே இருப்பார், பள்ளி விடுமுறையும் அதில் வரும். வருமானம் இல்லாத காலம் என்பது உண்மை, அதனால் உதவித்தொகை ஆணையை அதற்கு முன்பே முடித்துவைக்க அலைந்தோம். அந்த இரண்டு மாதமும் அண்ணன் அந்தச் சின்னவனைப் படகு பழுதுபார்க்கும் இடத்துக்குக் கூட்டிப் போனார். பெயின்ட் அடிப்பது, வலை பொத்துவது, உயிர்காப்பு மிதவை எங்கே இருக்கும், வயர்லெஸ்ஸில் எப்படிப் பேசுவது எல்லாம் காட்டினார். "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லக் கூடாது என்று பயிற்சியில் பேசியிருந்தோம், அவன் அப்பாவும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் போயிருப்பார். அண்ணன் சொன்னது இது: "போற நாள் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன். கரைக்கு வந்ததும் முதல் போன் உனக்கு."

தடை முடிந்து படகு இறங்கிய முதல் இரவு தம்பி படுக்கவில்லை. வாசலில் போய் உட்கார்ந்துகொண்டான். அவனை உள்ளே இழுத்துப்போடாமல் மாமியார் பாயை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தார், விடியும்வரை. அடுத்தடுத்த தடவைகளில் அது குறைந்தது. ஆனால் டிவியில் இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்த செய்தி ஓடினால் மறுபடி ஆரம்பித்துவிடும். அண்ணன் கடலில் இருக்கும் நாளில் செய்திச் சேனல் போடுவதில்லை என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். கடற்கரை மாவட்டங்களில் வளர்ப்புக் குடும்பங்களைத் தயார் செய்கிறவர்கள் இந்தச் செய்தி விஷயத்தை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

சடங்கு

பயிற்சியின்போது மாமியார் ஒரு நாள் கேட்டார், "பிள்ளை இங்கே இருக்கும்போதே பெரிய மனுஷி ஆயிட்டா யாரு செய்யுறது?" எந்தக் கையேட்டிலும் இதற்குப் பதில் கிடையாது. ஆனால் 11 வயதுப் பெண்பிள்ளை வருகிற வீட்டில் இதைவிட நிஜமான கேள்வி வேறென்ன இருக்கிறது? மாமனைக் கூப்பிட்டோம், தாயிடம் அவர் தெளிவாக இருந்த நாளில் கேட்டோம். முதல் தகவல் தாய்க்கு. தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது தாய், முடியாவிட்டால் மாமன் மனைவி. சீர் தாய்மாமன் உரிமை, அவரால் முடிந்த அளவு, யாரும் அதைப் பெரிதாக்கிக் காட்டி அவரைச் சிறுமைப்படுத்தக் கூடாது. பிளக்ஸ் கிடையாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கிடையாது, பிரிவு 74 இங்கேயும் மனதில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பிள்ளைக்கு வேண்டுமா என்று கேட்பது.

அது அந்த வருடமே நடந்தது. மாமன் உளுந்தும் நல்லெண்ணெயும் ஒரு பாவாடை தாவணியும் வாங்கிவந்தார். அதற்குள் வெளிநோயாளியாகியிருந்த தாய் வந்து தண்ணீர் ஊற்றினார், அக்கா சமையலில் நின்றார். தன் சொந்த மகளுக்கு முன்னால் நின்று செய்தவர், இந்தப் பிள்ளைக்கு அடுப்படியில் நிற்க எவ்வளவு மனதைத் தயார் செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

தாய் வந்துபோன நாட்கள், பிறகு

பிள்ளைக்கு நல்லதில்லை என்று குழு காரணம் எழுதி மறுத்தாலொழிய, வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளையைப் பெற்றோர் அவ்வப்போது பார்க்கலாம் என்பதும், பெற்றோர் தகுதி பெற்றுவிட்டார்கள் என்று குழு கருதினால் பிள்ளை திரும்பலாம் என்பதும் 44ஆம் பிரிவிலேயே இருக்கிறது. முதல் சந்திப்பு மோசமாகத்தான் போனது. தாய் மருந்து மயக்கத்தில் இருந்தார், தம்பி கிட்டே போகவில்லை. மகள் மட்டும் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தாள். கோணலாகத்தான் பின்னினார். அக்கா அதைச் சரிசெய்யவில்லை, மறுநாள் பள்ளிக்கும் அப்படியே அனுப்பினார். அடுத்தடுத்த சந்திப்புகளில் தாய் தானாகவே அக்காவிடம் பேச ஆரம்பித்தார், ஒரு கட்டத்தில் மாத்திரை வாங்கும் நாளை அக்காதான் போன் போட்டு ஞாபகப்படுத்தினார். மாதாமாதம் ஆய்வுக்கு வருகிறவர்கள் படிவம் 35இல் குறிக்கக் கட்டம் இல்லாத விஷயம் அது.

பதினோரு மாதம் கழித்து பிள்ளைகள் தாயிடம் திரும்பினார்கள். அப்பத்தாவும் கூட இருக்கிறார், நிதி ஆதரவுக்கு ஆணை வாங்கியாயிற்று. நல்ல முடிவு. ஆனால் அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்குப் போக யாருக்கும் வேலை இல்லை, கோப்பு மூடப்பட்டுவிட்டது. அவர் சில வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, கருவாட்டு வேலைக்கும் போகவில்லை என்று அண்ணன் சொன்னார். திருப்பிக் கொடுக்கத் தயார் செய்கிறோம், கொடுத்த பிறகு தாங்கிப்பிடிக்க ஆள் வைப்பதில்லை. இது எனக்குக் கோபத்தையே தருகிறது. பிள்ளை போன பிறகும் சில மாதம் அந்தக் குடும்பத்தைப் போய்ப் பார்ப்பதைத் திட்டத்திலேயே எழுத வேண்டும், ஆற்றுப்படுத்துநரின் வேலைநேரத்தில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவரை நாங்கள் சிலர் சொந்தமாகப் போய்வருகிறோம்.

அக்காவை இப்போது அதிகம் தேற்றுவது அந்தத் தாய்தான். விடுமுறையில் பிள்ளைகளை அவரே கூட்டிவருகிறார், பொங்கலுக்கும் வந்தார்கள். அடுத்து வரும் குடும்பங்களுக்கான பயிற்சியில், தாயாக உட்காரவைக்கும் அந்தப் பகுதியை அக்காவே நடத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சரி என்றிருக்கிறார், மீன் வரத்துக் குறைவான நாளாகப் பார்த்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.